பெரிய கேலிபர் துப்பாக்கிகள்: சக்தி எவ்வளவு, கைக்கு அடங்குவது எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளப்பில் .22 ரைஃபிளும் 12 போர் இரட்டைக்குழலும் சுட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு தவறாமல் பெரிய துப்பாக்கிகள் பக்கம் திரும்பிவிடும். புதிதாகச் சேர்ந்த பையன்கள், அவர்களைக் கூட்டிவரும் அப்பாக்கள், ஊருக்குப் போனால் என் சித்தப்பா என்று எல்லாரிடமும் ஒரே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற யானைத் துப்பாக்கிகள் எதையும் நான் சுட்டதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வது படித்துச் சேர்த்தது, உதைக் கணக்குகள் (சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் வேகம்தான் உதை) நானே போட்டவை. எண்களை முழுமையாக்கித் தந்திருக்கிறேன். ஒரே கேலிபரிலும் தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும்.

கேலிபர்னா என்ன? குண்டோட அகலமா, தோட்டாவோட நீளமா?

அகலம். குழலின் உட்புற விட்டம், கிட்டத்தட்ட குண்டின் விட்டம். குண்டு என்பது குழலிலிருந்து பறந்து போகிற துண்டு மட்டும், தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, அவற்றை அடக்கிய கூடு எல்லாம் சேர்ந்தது. .50 என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கேதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

இன்னொன்று, பெயரில் இருக்கிற எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. .38 ஸ்பெஷலின் குண்டு உண்மையில் .357 அங்குலம். .44 மேக்னத்தின் குண்டு .429. .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் குண்டு .620 வரும். பெயர் வைத்தவர்களுக்கு ஆளுக்கொரு வழக்கம் இருந்தது, நாம் அதை அடையாளப் பெயராக எடுத்துக்கொண்டால் போதும்.

அப்போ 12 போர்னா 12 மில்லிமீட்டரா?

இல்லை, இது பழைய பிரிட்டிஷ் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சமமான உருண்டைகளாகப் பிரித்தால் ஒரு உருண்டை குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அந்த எண்ணிக்கைதான் போர். 12 போர் என்றால் பவுண்டுக்குப் பன்னிரண்டு உருண்டை, விட்டம் சுமார் 18.5 மி.மீ. எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 4 போர் என்றால் ஒரு உருண்டையே கால் பவுண்டு, 113 கிராம். இரண்டு கோழிமுட்டை எடைக்கு ஒரே குண்டு என்று நினைத்துப் பாருங்கள்.

கேலிபர் பெருசுன்னா பவரும் பெருசுதானே சார்?

இந்தக் கேள்வியை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இல்லை. .45 ஏ.சி.பி. பிஸ்டல் குண்டு 15 கிராம், வினாடிக்கு 260 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் சுமார் 500 ஜூல். 9 மி.மீ. பிஸ்டல் குண்டு வெறும் 8 கிராம், ஆனால் 355 மீட்டர் வேகம். அதுவும் சுமார் 500 ஜூல்தான். இந்த இரண்டையும்விட ரொம்ப ஒல்லியான 5.56 மி.மீ. ராணுவ ரைஃபிள் குண்டு 4 கிராம்தான் இருக்கும், வேகம் 940 மீட்டர் என்பதால் 1,750 ஜூலைத் தாண்டிவிடுகிறது.

ஒரே அகலத்தில் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டெசர்ட் ஈகிள் பிஸ்டலில் போடும் .50 ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ் தோட்டா 41 மி.மீ. நீளம், கட்டைவிரல் அளவு. ஜான் பிரவுனிங் முதல் உலகப்போரின் கடைசியில் வடிவமைக்கத் தொடங்கிய .50 பி.எம்.ஜி. தோட்டா 138 மி.மீ., ஒரு பேனா நீளம். இரண்டும் அரை அங்குலம்தான். ஆனால் பிஸ்டல் தோட்டா 2,000 ஜூல், பி.எம்.ஜி. 17,000 ஜூலுக்கு மேல். அகலம் அதே, பின்னால் இருக்கிற மருந்துதான் வேறு.

ஜூல் ஜூல்னு சொல்றீங்களே, அதை எப்படிக் கணக்குப் போடுறது?

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: எடையில் பாதியை எடுத்து, அதை வேகத்தால் இரண்டு முறை பெருக்கவும். எடை கிலோவில், வேகம் வினாடிக்கு மீட்டரில். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் குண்டு 19.4 கிராம், 770 மீட்டர் வேகம். 0.0097 × 770 × 770, கிட்டத்தட்ட 5,750 ஜூல்.

இதே வழியில் ஒரு ஏணி போட்டுப் பார்க்கலாம். நாங்கள் கிளப்பில் சுடும் .22 வெறும் 140 ஜூல். .30-06 சுமார் 3,900. .375 சொல்லியாயிற்று. .458 வின்செஸ்டர் மேக்னம் 6,600, .416 ரிக்பியும் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸும் 6,900 சொச்சம், .600 நைட்ரோ 10,300, .700 நைட்ரோ 12,000. வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் வேகமான சின்னக் குண்டு இந்தக் கணக்கில் ரொம்பப் பெரிதாகத் தெரியும். அது எங்கே நம்மை ஏமாற்றும் என்பதைக் கீழே டெய்லர் கணக்கைப் பற்றிக் கேட்ட இடத்தில் சொல்கிறேன்.

உலகத்துலயே பவரான ரிவால்வர் எது? .44 மேக்னம்தானே?

ஒரு காலத்தில் அப்படித்தான் பேர் வாங்கியிருந்தது. எல்மர் கீத் என்ற அமெரிக்க எழுத்தாளர் விடாமல் நச்சரித்து வந்ததன் பலனாக 1955இல் .44 மேக்னம் வந்தது, சுமார் 1,300 ஜூல். அதைத் தாண்டி .454 கசுல் வந்தது. 2003இல் ஸ்மித் அண்ட் வெஸன் .500 மேக்னத்தை இறக்கியது: 22.7 கிராம் குண்டு 550 மீட்டர் வேகத்தில், 3,400 ஜூல். சில தோட்டாக்களில் அதற்கும் மேல். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற ரிவால்வர்களில் உச்சம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

ஐந்தே தோட்டா கொள்ளும் சிலிண்டர். நீளக் குழல் மாடல் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. சாதாரண ரிவால்வர் ஒரு கிலோ என்று வைத்தால் இது இரண்டு ரிவால்வர்.

அதை இடுப்புல வச்சுக்கிட்டு கரடிக் காட்டுக்குப் போனா நிம்மதிதானே?

அலாஸ்காவில் அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், காரணமும் இருக்கிறது: மீன் பிடிக்கும்போது, பாரம் தூக்கும்போது ரைஃபிளைக் கையில் வைத்திருக்க முடியாது, இடுப்பில் இருப்பது எப்போதும் கூடவே இருக்கும். அந்த ஒரு வசதிக்காகத்தான் பெரிய ரிவால்வர். ஆனால் வெறும் சக்தி என்று பார்த்தால், சாதாரண 12 போர் பம்ப் துப்பாக்கியில் ஒற்றை ஈயக்குண்டு, அதாவது ஸ்லக், போட்டால் 28 கிராம், 480 மீட்டர் வேகம், 3,200 ஜூல். .500 ரிவால்வர் பக்கத்தில் வந்துவிடுகிறது, விலையும் குறைவு, தோளில் வைத்துச் சுடலாம்.

தோளில் வைப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. நான் போட்ட கணக்கில் .500 ரிவால்வரின் உதை 59 ஜூல் வருகிறது, .375 யானை ரைஃபிளைவிட அதிகம். ரைஃபிளில் அதைத் தோளும் உடம்பும் வாங்கும். இங்கே இரண்டு மணிக்கட்டு மட்டும். கரடி பாய்ந்து வரும் இரண்டு மூன்று வினாடியில் இரண்டாவது குண்டை யார் குறி பார்த்துச் சுடுவார்கள் என்பதுதான் கேள்வி. அனுபவமுள்ள பலர் .44 மேக்னத்தோடு நின்றுவிடுவது இதனால்தான்.

உதைக்கும்னு சொல்றீங்க, எவ்வளவுதான் உதைக்கும்? கணக்கு இருக்கா?

இருக்கிறது. குண்டும் வெடித்த மருந்தின் வாயுவும் முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அதே உந்தம் துப்பாக்கிக்குப் பின்னால் வரும். .375க்குக் குண்டு 0.0194 × 770 = 15. மருந்து 5 கிராம் 1,200 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்தால் 6. மொத்தம் 21. ரைஃபிள் 4.2 கிலோ, 21ஐ அதால் வகுத்தால் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் துப்பாக்கி தோளுக்கு வருகிறது. ஆற்றல் 52 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் விழுந்தால் அந்த ஆற்றல்தான்.

மற்றவற்றையும் இப்படியே போட்டேன். எங்கள் 12 போரில் சாதாரணத் தோட்டா 30 ஜூல், .30-06 சுமார் 27, .458 வந்தால் 84, ஏழு கிலோவுக்கு மேல் எடையுள்ள .600 நைட்ரோவில் 130. ஏ-ஸ்கொயர் நிறுவனம் 1990களில் கொண்டுவந்த .577 டைரனோசர் என்ற தோட்டாவை ஆறு கிலோ ரைஃபிளில் வைத்துப் போட்டால் 200ஐத் தாண்டுகிறது. அதைச் சுட்டவர்கள் கையிலிருந்து துப்பாக்கி பறந்து விழும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், ஏன் என்று இப்போது தெரியும்.

எடை கூடினா உதை குறையும்னா, எடையை ஏத்திக்கிட்டே போகலாமே?

மேசையில் வைத்துச் சுடுகிறவருக்குச் சரி. யானை வேட்டை நடந்த விதம் வேறு. விடிகாலையில் தடத்தைப் பிடித்தால் வெயிலில், முள்ளுக்காட்டில், நாள் முழுக்க நடை. நான் 3.2 கிலோ துப்பாக்கியைப் பயிற்சி நாளில் மூன்று மணி நேரம் தூக்கி இறக்குவேன். கடைசிச் சுற்றில் இடது முன்கை நடுங்குவது குழல் நுனியில் தெரியும். இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள .600ஐ வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் தாங்களே சுமக்கவில்லை, துப்பாக்கி தூக்கும் ஆள் ஒருவர் பின்னாலேயே நடப்பார். நெருக்கத்தில் வந்ததும் கைமாற்றி வாங்கிக்கொள்வார்கள். அந்த ஆள் பயந்து ஓடிவிட்டால் உலகத்தின் பெரிய துப்பாக்கியும் அவரோடு போய்விடும்.

மசில் பிரேக் போட்டா உதை பாதியாக் குறையுமாமே?

நன்றாகவே குறையும். குழல் நுனியில் பக்கவாட்டுத் துளைகள் வைத்து வாயுவைப் பக்கத்துக்கும் கொஞ்சம் பின்னுக்கும் திருப்பிவிடுவதுதான் வேலை. மருந்து அதிகமுள்ள தோட்டாவில் பலனும் அதிகம். .50 பி.எம்.ஜி. போடும் பேரட் ரைஃபிளைத் தோளில் வைத்துச் சுட முடிவதற்கு அதன் பதின்மூன்று கிலோ சொச்சம் எடையும் பின்னுக்கு ஓடிவரும் குழலும் அம்பு முனை போன்ற அந்தப் பிரேக்கும் சேர்ந்ததுதான் காரணம்.

அதற்குக் கொடுக்கிற விலை சத்தம். 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு வெடிச்சத்தம் காதைக் கெடுக்கப் போதும், பெரிய ரைஃபிள்கள் பிரேக் இல்லாமலேயே 160ஐத் தொடும். பிரேக் போட்டால் அது பக்கத்தில் நிற்பவர் காதுக்குத் திரும்புகிறது. காட்டில் தடம் பார்ப்பவர் காதை மூடிக்கொண்டு நடக்க முடியாது, அவர் முன்னால் பக்கவாட்டில்தான் இருப்பார். ஆப்பிரிக்க வழிகாட்டிகள் பலருக்குப் பிரேக் என்றாலே ஆகாது, நான் அவர்கள் பக்கம்.

உதை எல்லாம் பழகிட்டா சரியாப் போயிடும்தானே?

கொஞ்சம் வரைக்கும். அதற்கு மேல் உடம்பு நமக்குத் தெரியாமலேயே பயப்பட ஆரம்பிக்கும். இதை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கிளப்புக்கு வந்த ஒரு பையன், நல்ல திடகாத்திரமான ஆள், 12 போரில் கனமான தோட்டாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தான், "எனக்கு ஒண்ணும் வலிக்கலை அண்ணா" என்றான். அவனுக்குத் தெரியாமல் அடுத்த தடவை வெறும் பயிற்சித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தோம், வெடிக்காது. விசையை இழுத்தான். 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தது, ஆனால் குழல் நுனி நான்கு விரற்கடை கீழே குத்தியது, கண் இறுக மூடியிருந்தது, தோள் முன்னால் தள்ளியிருந்தது. வராத உதைக்கு உடம்பு தயாராகிவிட்டது. முகம் வெளுத்துப் போய், "நான் எல்லாத்தையும் இப்படித்தான் சுட்டேனா?" என்று கேட்டான்.

அவ்வளவு கீழே குத்தினால் முப்பது மீட்டரில் குண்டு எங்கே போகும் என்று பாருங்கள். இது 30 ஜூல் உதையில் நடந்தது. 84 ஜூலும் 130 ஜூலும் என்ன செய்யும்? பெரிய துப்பாக்கியின் சக்தி பெட்டியில் அச்சடித்த எண் இல்லை, கண்ணை மூடாமல் சுட முடிகிற அளவுதான் உங்களுக்கு உள்ள சக்தி. நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ஒருத்தர் சின்ன ரைஃபிளை வச்சே ஆயிரம் யானை சுட்டாராமே, நிஜமா?

நிஜம். டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் கரமோஜா பகுதியில் தந்தத்துக்காக வேட்டையாடியவர். மொத்தம் ஆயிரத்துக்கு மேல், அதில் 800 போல 7×57 மவுசரில். 11 கிராம் குண்டு, 2,750 ஜூல். மேலே போட்ட ஏணியில் .30-06க்கும் கீழே. யானையின் மண்டை ஓட்டை ரம்பத்தால் அறுத்து மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்தார். நுனி விரியாதபடி ஈயத்தைக் கெட்டி உலோகத்தால் மூடிய நீளமான முழு உறைக் குண்டு, உதை குறைவான ரைஃபிள், அசாத்தியமான கை.

ஆனால் இதை வைத்துப் பெரிய கேலிபர் தேவையில்லை என்று முடிவு கட்டுவது தப்பு. அவர் பெரும்பாலும் திறந்த வெளியில், மனிதனைக் கண்டு இன்னும் மிரளாத யானைகளைச் சுட்டார், கோணம் சரியில்லை என்றால் காத்திருக்க முடிந்தது. அடர்ந்த புதரில் பதினைந்து அடியிலிருந்து தலையைத் தூக்கிக்கொண்டு வருகிற யானையிடம் அந்தச் சௌகரியம் கிடையாது. பெல்லை உதாரணம் காட்டிச் சின்ன ரைஃபிளோடு போனவர்கள் செத்ததும் உண்டு, காயம்பட்டுத் தப்பி வாரக்கணக்கில் துடித்த விலங்குகளோ அதிகம். எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும். ஆயிரம் யானை என்ற எண்ணைச் சாதனையாகவும் என்னால் சொல்ல முடியாது.

எல்லாரும் .375, .375னு சொல்றாங்களே, அதுல என்ன விசேஷம்?

1912இல் வந்தது, இன்றும் வயசாகவில்லை. உதை 52 ஜூல், பயிற்சி செய்தால் பெரும்பாலானவர்களால் கண் மூடாமல் சுட முடிகிற எல்லை. 200 மீட்டருக்கு அப்பால் மானையும் சுடலாம், கிட்டத்தில் எருமையையும் சுடலாம். வேறு வேறு எடைக் குண்டுகள் ஒரே குறியில் போய் விழும் என்று நல்ல பெயர். தோட்டா ஆப்பிரிக்காவில் எங்கே போனாலும் கிடைக்கும். விமானத்தில் பெட்டி தொலைந்துபோனவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவே வேண்டாம்.

சட்டமும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பல, யானைக்கும் எருமைக்கும் குறைந்தபட்சம் .375 என்று வைத்திருக்கின்றன. ஜிம்பாப்வே கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக அகலத்தோடு ஆற்றலையும் சேர்த்து 9.2 மி.மீ., 5,300 ஜூல் என்று வைத்தது. அகலம் மட்டும் போதாது என்று மேலே பார்த்தோமே, அதே விஷயம்.

அப்போ .416, .458, .470 எல்லாம் எதுக்கு?

கொல்வது வேறு, நிறுத்துவது வேறு. நுரையீரலில் அடிபட்ட எருமை செத்துத்தான் போகும், ஆனால் அதற்கு முன் நூறு மீட்டர் ஓடிவந்து ஆளைக் குத்தும் நேரம் அதற்கு உண்டு. வாடிக்கையாளர் காயப்படுத்திய விலங்கின் பின்னால் புதருக்குள் போவது வழிகாட்டியின் வேலை, அவருக்கு எலும்பை உடைத்து அந்த இடத்திலேயே மடக்குகிற துப்பாக்கி வேண்டும். அதனால் அவர் கையில் .416க்கு மேல்தான் இருக்கும், வாடிக்கையாளர் கையில் .375 இருந்தால் அவருக்குச் சந்தோஷம்.

.458இன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1956இல் வின்செஸ்டர் இதைச் சாதாரண நீள போல்ட் ரைஃபிளில் (ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாள் போன்ற போல்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) அடங்கும் மலிவான யானைத் தோட்டாவாகக் கொண்டுவந்தது. கூடு குட்டை, மருந்தை அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் கிடந்த தோட்டாக்களில் மருந்து கட்டிதட்டிச் சரியாக எரியாமல் போய், எழுதியிருந்த வேகம் வரவில்லை. 1959இல் மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட ஜாக் லாட் என்பவர், பின்னாளில் கூட்டை நீளமாக்கி .458 லாட் செய்தார். அதே குண்டு, 700 மீட்டர் வேகம், நெருக்கடி இல்லை. இப்போதைய மருந்துகளில் பழைய .458உம் ஒழுங்காக வேலை செய்கிறது.

இரட்டைக்குழல் ரைஃபிள் நல்லதா, போல்ட் ஆக்‌ஷன் நல்லதா?

இரட்டைக்குழலில் இரண்டு விசை, இரண்டு சுத்தியல், இரண்டு குழல். ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் வெடிக்கும். இரண்டாவது குண்டு விரலை நகர்த்தும் நேரத்தில் வந்துவிடும். தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கும், கூடு பெரிது, உள்ளழுத்தம் குறைவு. இது ஏன் முக்கியம் என்றால் அந்தக் காலத்துக் கார்டைட் மருந்து வெயிலில் காய்ந்தால் அழுத்தம் எகிறும், இங்கிலாந்தில் ஒழுங்காக இருந்த தோட்டா இந்திய, ஆப்பிரிக்கச் சூட்டில் குழலில் சிக்கிக்கொள்ளும். .470 போன்றவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

குறை, இரண்டு குழலும் ஒரே புள்ளியில் சுடும்படி கையால் சரிசெய்ய வேண்டும், விலை எட்டாத உயரம், ஒரு வகைத் தோட்டாவுக்குத்தான் அது ஒத்துழைக்கும். போல்ட் ரைஃபிளில் மூன்று நான்கு தோட்டா கொள்ளும், விலை பத்தில் ஒரு பங்கு, தூரத்திலும் துல்லியம். என் கருத்தைக் கேட்டால், நாளைக்கு நூறு தடவை போல்டை இழுத்துப் பழகத் தயாராக இருப்பவருக்கு .416 போல்ட் ரைஃபிள் எதற்கும் குறைந்ததில்லை.

.465, .470, .475, .476னு பக்கத்துப் பக்கத்துல ஏன் இத்தனை?

இதற்குக் காரணம் இந்தியா! மார்ட்டினி ஹென்றி என்ற பழைய ராணுவ ரைஃபிள் .577/.450 தோட்டா போடும். அவை கிளர்ச்சிக்காரர்கள் கையில் நிறையப் புழங்கின. வேட்டைக்காக வரும் .450 தோட்டாவைப் பிரித்து அந்த ரைஃபிள்களுக்குக் குண்டு செய்துவிடுவார்கள் என்று பயந்து, 1900களின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 கேலிபரை இறக்குமதி செய்வதைத் தடுத்தது.

துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய சந்தை, விட முடியாது. ஆளாளுக்கு .450ஐ நூலிழை விலக்கிப் புதுத் தோட்டா செய்தார்கள், குண்டும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். அதில் .470 மட்டும் பல கம்பெனிகளும் பொதுவாக எடுத்துக்கொண்டதால் இன்றுவரை நிலைத்தது. எது சக்தி அதிகம் என்று இவற்றுக்குள் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

கென்னத் ஆண்டர்சன், ஜிம் கார்பெட் எல்லாம் என்ன துப்பாக்கி வச்சிருந்தாங்க?

பெங்களூரில் இருந்துகொண்டு தர்மபுரி, சேலம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் ரைஃபிள். 19.4 கிராம், 670 மீட்டர், 4,350 ஜூல். இதே கேலிபரைத்தான் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சிங்கத்துக்காகக் கொண்டுபோனார். வடக்கே குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிகளைச் சுட்ட கார்பெட்டிடம் .450/400 இரட்டைக்குழலும் இருந்தது, .275 ரிக்பியும் இருந்தது. இந்த .275 வேறொன்றும் இல்லை, பெல் வைத்திருந்த அதே 7×57தான். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குப் பரிசாக வந்தது.

புலி 200 கிலோ, யானை 5,000 கிலோ. புலிக்கு .600 தேவையே இல்லை. இருட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்து, சருகு சரசரத்த பக்கம் சட்டென்று திருப்ப முடிகிற துப்பாக்கிதான் வேண்டும், இவர்கள் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான்.

அந்தக் காலத்து 4 போர், 2 போர் எல்லாம் இன்னும் பவர்ஃபுல்லா?

கருமருந்துக் காலத்தில், அதாவது புகை கக்கும் பழைய வெடிமருந்து மட்டும் இருந்தபோது, வேகத்தைக் கூட்ட முடியாது, எடையைத்தான் கூட்ட முடியும். அதனால் வந்த பூதங்கள் அவை. இலங்கையில் நுவரெலியாவில் 1840களின் கடைசியில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிறகு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன ஒரு துப்பாக்கிக்கு 'பேபி' என்று பெயர். அரைப் பவுண்டு குண்டு போடும். சுட்டால் காற்றுத் திசைகாட்டி போலத் தன்னைச் சுழற்றிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார், சுடவே தயங்கினார். அவர் சாதாரண ஆள் இல்லை, மலை மாதிரி உடம்பு. அதைவிடச் சக்தியான, புகையில்லாத கார்டைட் வந்த பிறகு .450 குண்டு அதே வேலையை ஆழமாகத் துளைத்துச் செய்தது, பூதங்கள் அலமாரிக்குப் போயின.

டெய்லர் கணக்குன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுதானே சரியான கணக்கு?

ஜான் டெய்லர் ஆப்பிரிக்காவில் வேட்டையாடியவர். ஆற்றல் கணக்கு சின்ன வேகக் குண்டுக்குச் சலுகை காட்டுகிறது என்பது அவர் குறை, அது நியாயம்தான். அதனால் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுத்தார் (எடை கிரெய்ன் என்ற பழைய சின்ன அளவில், வேகம் வினாடிக்கு அடியில், விட்டம் அங்குலத்தில்). .30-06க்கு 21, .375க்கு 40, .458க்கு 67, .600க்கு 155. மூளையை நூலிழையில் தவறவிட்டாலும் யானை எவ்வளவு நேரம் மயங்கிக் கிடக்கும் என்பதைக் காட்டத்தான் இந்த எண், அதுவும் உடையாத முழு உறைக் குண்டுகளுக்கு மட்டும்.

அதை மற்ற இடத்துக்கு இழுத்தால் அபத்தமாகிவிடும். .45 பிஸ்டலுக்கு 12 வரும், 5.56 ரைஃபிளுக்கு 6தான் வரும். பிஸ்டல் ரைஃபிளைவிட இரண்டு மடங்கு என்று ஒத்துக்கொள்வீர்களா? ஒரே எண்ணில் சக்தியை அடைக்க முயன்ற எல்லாக் கணக்குக்கும் இந்தக் கதிதான். குண்டு எதனால் செய்தது, எவ்வளவு ஆழம் போகும், எங்கே பட்டது என்பதை எந்தப் பெருக்கலும் சொல்லாது.

.50 பி.எம்.ஜி. பக்கத்துல போனாலே ஆள் செத்துடுவானாம், பட்டா பத்தடி தூக்கி வீசுமாம், மனுஷன் மேல சுடவே ஜெனீவாவுல தடையாம். உண்மையா?

மூன்றும் இல்லை. பக்கத்தில் போகும் குண்டின் காற்று ஆளைக் கொல்லாது. தூக்கி வீசுவது உதைக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது: குண்டின் உந்தம் துப்பாக்கிக்கு வரும் உந்தத்தைவிடக் குறைவு, சுட்டவர் பறக்கவில்லை என்றால் பட்டவரும் பறக்க முடியாது. .44 மேக்னம் குண்டு 70 கிலோ ஆள் உடம்பில் நின்றுவிட்டால் அவருக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு ஒன்பது சென்டிமீட்டர்தான்.

போர்ச் சட்டத்தில் கேலிபருக்குத் தடை இல்லை. 1868 செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் 400 கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் குண்டுகளைத் தடுத்தது, 1899 ஹேக் பிரகடனம் உடம்பில் விரியும் குண்டுகளைத் தடுத்தது. சாதாரண .50 குண்டு இரண்டிலும் வராது. 2017இல் ஈராக்கில் கனடா ராணுவ வீரர் ஒருவர் 3,540 மீட்டரில் சுட்டது .50இல்தான்.

அப்போ யானைக்கு .50 பி.எம்.ஜி. எடுத்துட்டுப் போகலாமே, 17,000 ஜூல் இருக்கே?

பதின்மூன்று கிலோவை முள்ளுக்காட்டில் தோளுக்கு ஏற்றிப் பதினைந்து அடியில் வருகிற யானைக்குத் திருப்ப முடியுமானால் போகலாம். அது தரையில் ஊன்றி, படுத்து, ஒன்றரை கிலோமீட்டரில் நிற்கும் லாரி எஞ்சினையோ ரேடாரையோ உடைக்கச் செய்த சாமான். .700 நைட்ரோ இன்னொரு பக்கம்: 1988இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்தது, ஒரு தோட்டாவே நூறு டாலர் வரும், ரைஃபிள் எட்டு கிலோவுக்கு மேல். சேகரிப்பவர்களின் பொருள். வேலைக்குப் போகிற ஆள் கையில் அதைப் பார்க்க முடியாது.

நம்ம நாட்டுல இதெல்லாம் லைசென்ஸ் எடுத்து வாங்கலாமா?

1959 ஆயுதச் சட்டம் கேலிபர்களைத் தடைசெய்யப்பட்டவை, தடைசெய்யப்படாதவை என்று பிரிக்கிறது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்துகிற .303, 9 மி.மீ. போன்றவை முதல் பிரிவு. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று .450 தடையைப் பற்றிய பதிலைப் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். நம் ஊரில் .315 ரைஃபிள் பரவலாக இருப்பதும் அதனால்தான்: அது அடிப்படையில் ஆஸ்திரிய 8 மி.மீ. மான்லிகர் தோட்டா, பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா எதுவும் அதில் ஏறாது என்பதற்காகவே இஷாப்பூர் தொழிற்சாலையில் பொதுமக்களுக்கு அந்தக் கேலிபரில் செய்தார்கள்.

2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி இப்போது வேட்டையும் இல்லை, எனவே இங்கே யானைத் துப்பாக்கிக்கு வேலையும் இல்லை. தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய இரட்டைக்குழல் வீட்டில் இருந்தால், அதில் 'நைட்ரோ' முத்திரை (புகையில்லா மருந்துக்குச் சோதித்ததன் அடையாளம்) இருக்கிறதா, கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழலா என்று லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள்.